பளிங்கு தோற்ற நாடு

பிரேசில் என்றதும் கண்முன் வருவது கொர்கோவாடோ மலை உச்சியில் கைகளை விரித்து நிற்கும் மீட்பர் கிறிஸ்து. சிலை 30 மீட்டர், பீடம் 8 மீட்டர், ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனிவரை 28 மீட்டர். 1931 அக்டோபர் 12 அன்று திறக்கப்பட்டது. அந்த நாட்டுச் சிற்பக்கலைக்கு அடையாளம் எது என்று கேட்டால் பெரும்பாலானோர் அதைத்தான் காட்டுவார்கள். ஆனால் அதைச் செய்தவர்கள் யார் என்று பார்த்தால் சங்கடம். வடிவம் கொடுத்த போல் லாந்தோவ்ஸ்கி பிரெஞ்சுக்காரர். பாரிஸ் பட்டறையில் வேலை செய்து, தலைக்கும் கைகளுக்குமான அச்சுகளை அங்கிருந்து அனுப்பியவர். முகத்தைச் செய்த கியோர்கே லியோனிடா ருமேனியர். கட்டுமானக் கணக்கில் உதவிய அல்பேர் காக்கோவும் பிரெஞ்சுக்காரரே. திட்டத்தைத் தலையில் சுமந்த பொறியாளர் ஹெய்டோர் ட சில்வா கோஸ்டா உள்ளூர்க்காரர்.

அப்படியென்றால் அந்தச் சிலையில் பிரேசில் எங்கே இருக்கிறது? அதன் தோலில். வெறும் கான்கிரீட்டாக அதை நிறுத்தக் கோஸ்டாவுக்கு மனம் வரவில்லை. மாக்கல்லைச் சிறு முக்கோணச் சில்லுகளாக வெட்டி, துணியில் ஒட்டி, உடல் முழுவதும் போர்த்தினார். ஒட்டும் வேலையைச் செய்தவர்கள் ரியோ நகரத்துப் பெண்கள். சில்லுகளின் பின்புறத்தில் தங்களுக்கு வேண்டியவர்களின் பெயர்களை எழுதினார்கள் என்று சொல்வார்கள். நம் ஊர்க் கல்சட்டி எந்தக் கல்லில் ஆனதோ அதே இனக் கல்தான். உளிக்கு இளகிக் கொடுக்கும். வெயிலிலும் மழையிலும் சட்டென்று வெடிக்காது. இந்தச் சிலைக்கு 125 ஆண்டுகளுக்கு முன்பே, மினாஸ் ஜெராய்ஸ் மலைகளில் கைகள் சிதைந்த ஒரு மனிதர் அந்தக் கல்லில் பன்னிரண்டு தீர்க்கதரிசிகளைச் செதுக்கிவிட்டுப் போயிருந்தார்.

பிரேசில் சிற்பத்தின் கதையைப் பாணிகளின் வரிசையாகச் சொல்வது வழக்கம். பரோக் வந்தது, பிறகு நியோகிளாசிக், அதன்பின் நவீனம் என்று. எல்லாம் ஐரோப்பாவில் புறப்பட்டு, சில பத்தாண்டுகள் தாமதமாகத் துறைமுகத்தில் வந்து இறங்கியவை. இந்த வரிசை பொய்யில்லை. ஆனால் எந்தச் சிற்பம் இன்றும் உயிரோடு இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் விடை வேறு இடத்தில் கிடைக்கிறது: காலடியில் கிடந்த மண்ணும் மரமும் மாக்கல்லும் இரும்பும், அவற்றைத் தொட்ட கைகளும். அந்தக் கைகளில் பல, சமூகம் மதிக்காத கைகள்.

மேடுகளுக்குள் இருந்தவர்கள்

அமேசான் நதி கடலில் கலக்கும் வாயில் மராஜோ என்றொரு பெரும் தீவு. மழைக்காலத்தில் பாதித் தீவு தண்ணீரில் கிடக்கும். அங்கே மனிதர்கள் மண்ணைக் குவித்து மேடுகள் எழுப்பி வாழ்ந்தார்கள். இறந்தவர்களின் எலும்புகளைத் தாழிகளில் வைத்து அதே மேடுகளில் புதைத்தார்கள். ஏறத்தாழ கி.பி. 400-லிருந்து ஆயிரம் ஆண்டு நீண்ட பண்பாடு அது. தாழி என்று சொன்னாலும் அவை பாத்திரங்கள் மட்டுமல்ல, உடல்கள். கழுத்தில் முகம், விரிந்த கண்கள், மடித்த கைகள், வயிற்றைச் சுற்றிச் சிவப்பும் கறுப்புமாகச் சுழலும் கோடுகள். செத்தவரை மறுபடியும் ஒரு வயிற்றுக்குள் வைப்பதாக அவர்கள் எண்ணியிருக்கலாம் என்று தோன்றும்.

இவ்வளவு தேர்ந்த வேலையை அமேசான் காட்டுக்காரர்கள் செய்திருக்க முடியுமா என்று 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆய்வாளர்களே சந்தேகப்பட்டார்கள். பெட்டி மெகர்ஸ் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர், இந்தக் கலை ஆண்டிஸ் மலைப்பக்கமிருந்து வந்தது, வெப்பமண்டலக் காட்டில் தாக்குப்பிடிக்க முடியாமல் தேய்ந்தது என்று வாதிட்டார். 1980-களில் ஆனா ரூஸ்வெல்ட் அதே தீவில் தோண்டி, இது அந்த மண்ணிலேயே முளைத்து, அங்கேயே பல நூற்றாண்டு செழித்தது என்று எதிர்வாதம் வைத்தார். இன்று பெரும்பாலோர் ரூஸ்வெல்ட் பக்கம். நல்லது எதுவானாலும் வெளியிலிருந்துதான் வந்திருக்கும் என்ற அந்த முதல் சந்தேகம், இந்தக் கதையில் இன்னும் பலமுறை தலைகாட்டப்போகிறது.

தெற்கே சாந்தா கத்தரினா கடற்கரையில் இன்னும் பழைய ஆட்கள் இருந்தார்கள். சிப்பிகளைக் குவித்துக் குன்றுகளாக்கியவர்கள். கடினமான கல்லைத் தேய்த்துத் தேய்த்தே மீன், பறவை, திமிங்கில உருவங்கள் செய்தார்கள். பலவற்றின் வயிற்றில் ஒரு சிறு குழி இருக்கும். உலோகம் தெரியாத கைகள் செய்த அந்த வழவழப்பைப் பார்த்தால், நவீனச் சிற்பி பிரான்குஷியின் பளபளத்த பறவைகளை வியந்த நம் கண்கள் கொஞ்சம் அடங்கும்.

மூன்று செம்படவர்கள்

1500-ல் போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1549-ல் ஏசு சபையினர். கோயில் எழுந்தால் சாமி வேண்டும். லிஸ்பனிலிருந்து கப்பலில் வர நாளாகும், வருகிற வழியில் உடையும். எனவே துறவிகளே களிமண்ணைப் பிசைந்தார்கள். பஹியாவில் பெனடிக்டின் துறவி அகொஸ்தின்யோ ட பியெதாதே 1636-ல் தன் பெயரும் ஆண்டும் பொறித்த மாதா சிலையைச் சுடுமண்ணில் செய்தார். அவருடைய வழியில் வந்தவர் ரியோவில் பிறந்த அகொஸ்தின்யோ டி ஜேசுஸ். இருவரும் 1661-ல் இறந்தார்கள்.

இரண்டாமவர் செய்ததாகக் கருதப்படும் ஒரு சிறு மாதா சிலை எப்படியோ பரைபா நதிக்குள் போய்ச் சேர்ந்தது. 1717-ல் ஆளுநருக்கு விருந்து வைக்க மீன் பிடிக்கப் போன மூன்று செம்படவர்களின் வலையில் முதலில் தலையில்லாத உடல் வந்தது. மறுபடி வீசியபோது தலை வந்தது. அதன்பிறகு வலை கிழியும் அளவுக்கு மீன் என்று கதை தொடர்கிறது. ஆற்றுச் சேற்றிலும் பிறகு மெழுகுவத்திப் புகையிலும் கறுத்துப்போன அந்த உருவம் ஒரு முழம்கூட இல்லை, 36 சென்டிமீட்டர். இன்று அப்பரெசிடா மாதா என்ற பெயரில் பிரேசிலின் காவல் தெய்வம். கறுப்பு மக்கள் தங்கள் நிறத்தை அவளிடம் கண்டார்கள்.

1978-ல் ஓர் இளைஞன் கண்ணாடிப் பேழையை உடைத்துச் சிலையைப் பறிக்க, அது கீழே விழுந்து ஏறத்தாழ 200 துண்டானது. சாவோ பாவ்லோ கலை அருங்காட்சியகத்தில் மரியா எலேனா சார்த்துனி என்ற சீரமைப்பாளர் துண்டு துண்டாகச் சேர்த்து எழுப்பினார். கலை விமர்சகர்கள் இந்தச் சிலையைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. சிற்பமாகப் பார்த்தால் எளிய வேலைதான். ஆனால் ஒரு தேசம் முழுவதும் மனப்பாடமாக அறிந்த சிற்பம் வேறு எது?

தெற்கில், இன்றைய ரியோ கிராண்டே டோ சுல் பகுதியில், இன்னொன்று நடந்தது. ஏசு சபையினரின் குடியிருப்புகளில் குவாரானி பழங்குடியினர் மரத்தில் புனிதர்களைச் செதுக்கினார்கள். ஐரோப்பிய மாதிரியைத்தான் கொடுத்தார்கள். வெளியே வந்த முகங்களின் கன்ன எலும்பும் கண்ணும் குவாரானிகளுடையவை. அரசர்கள் எல்லைக்கோட்டை மாற்றிப் போட்டதால் 1754 முதல் 1756 வரை நடந்த போரில் அந்த ஊர்கள் சிதைந்தன. சாவோ மிகேலில் இடிந்த கோயிலுக்கு எதிரே, கட்டடக் கலைஞர் லூசியோ கோஸ்டா வரைந்த எளிய மண்டபத்தில், மிஞ்சிய மரச்சிலைகள் நிற்கின்றன. வெயிலுக்கு வெடித்து, கை இழந்து, வண்ணம் உதிர்ந்து.

தங்கம் வந்த ஊர்

1690-களில் மினாஸ் ஜெராய்ஸ் மலைகளில் தங்கம் கிடைத்தது. அடுத்த நூறாண்டுச் சிற்பக்கலை முழுவதும் அந்தத் தங்கத்தின் நிழலில் நடந்தது. கடற்கரை நகரான சால்வடோரில் புனித பிரான்சிஸ் கோயிலின் உட்புறம் தரையை விட்டால் எல்லாம் தங்கத்தகடு என்று சொல்லும்படி மின்னுகிறது. 2025 பிப்ரவரியில் அதன் கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்து பார்வையாளர் ஒருவர் இறந்தார். பராமரிப்பின் நிலையை உலகம் அப்போதுதான் பார்த்தது. அதே நகரில் ‘கப்ரா’ என்ற பட்டப்பெயரோடு அறியப்பட்ட பிரான்சிஸ்கோ தாஸ் சாகாஸ் என்ற கலப்பினச் சிற்பி, இறந்த கிறிஸ்துவின் உடலில் ரத்தத் துளிகளாக மாணிக்கக் கற்களைப் பதித்தார். சுமார் 2000 கற்கள் என்பது வழிவழிச் செய்தி.

மினாஸில் நிலைமை வேறு. தங்கத்தைக் கடத்துகிறார்கள் என்ற சந்தேகத்தில் துறவற சபைகள் அங்கே குடியேறக் கூடாதென்று அரசு தடை போட்டது. மடங்கள் இல்லாத இடத்தைச் சாதாரண மக்களின் சகோதர சங்கங்கள் நிரப்பின. வெள்ளையருக்கு ஒரு சங்கம், கலப்பினத்தவருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனக்கொரு கோயில் கட்டியது. அடுத்த தெருக் கோயிலை விடத் தன் கோயில் ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்று போட்டி போட்டது. அன்று வில்லா ரிக்கா எனப்பட்ட ஓரோ பிரெத்தோவில் இத்தனை கோயில்கள் குவிந்ததற்குப் பக்தியோடு இந்தப் போட்டியும் காரணம். வேலை ஏராளம். மரமும் உளியும் பிடிக்கத் தெரிந்த வெள்ளையர் குறைவு. அந்த இடைவெளியில்தான் கலப்பினக் கைவினைஞர்கள் நுழைந்தார்கள்.

அவர்களில் ஒருவர் அந்தோனியோ பிரான்சிஸ்கோ லிஸ்போவா. தந்தை போர்த்துக்கீசியக் கட்டடக் கலைஞர். தாய் ஆப்பிரிக்க அடிமைப் பெண் இசபெல். பிறந்த ஆண்டு 1730 என்றும் 1738 என்றும் சொல்கிறார்கள். ஓரோ பிரெத்தோவின் புனித பிரான்சிஸ் கோயிலுக்கு அவர் செய்த வேலை அவருடைய முழுத் திறத்தையும் காட்டும். வாசலுக்கு மேல் மாக்கல்லில் வட்டப் பதக்கமாகச் செதுக்கிய காட்சி, உள்ளே மாக்கல் பிரசங்க மேடைகள், மர பீடம். சொந்தச் சங்கமோ கலப்பினத்தவருக்கான புனித யோசேப்புச் சங்கம்.

நாற்பது வயதை ஒட்டி அவரை நோய் பிடித்தது. தொழுநோய் என்றார்கள், வேறு பலவும் என்றார்கள்; மருத்துவர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. கால்விரல்கள் போயின, கைவிரல்கள் முடங்கின. ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் அலெய்ஜாதின்யோ, அதாவது சின்ன நொண்டி. மௌரிசியோ, ஜானுவாரியோ, அகொஸ்தின்யோ என்ற மூன்று அடிமைகள் அவரிடம் இருந்தார்கள். உளியையும் சுத்தியையும் கையில் கட்டிவிட்டு, அவரைத் தூக்கிச் சென்று வேலையிடத்தில் வைத்தவர்கள் அவர்கள். அடிமைத் தாயின் மகன் அடிமைகளை வைத்திருந்தார் என்பதைப் பல கட்டுரைகள் விழுங்கிவிடும். விழுங்கத் தேவையில்லை. அந்தச் சமூகம் அப்படித்தான் இயங்கியது. அவர் பெயரில் நாம் போற்றும் வேலையில் அந்த மூவரின் வியர்வையும் இருக்கிறது.

இந்தக் கதையை முதலில் எழுதியவர் ரொட்ரிகோ பிரெத்தாஸ். ஆண்டு 1858, சிற்பி இறந்து 44 ஆண்டுகள் கழித்து. மருமகள் சொன்னதைக் கேட்டு எழுதினார். சில இடங்களில் காவிய வாடை தூக்கலாகவே இருக்கிறது. அப்படி ஒரு மனிதரே புனைவு என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆனால் கூலி வாங்கியதற்கான கையெழுத்திட்ட ரசீதுகள் பாக்கியிருக்கின்றன. பட்டப்பெயரைச் சுற்றி வளர்ந்த புராணம் ஒரு பக்கம். வேலை செய்து காசு வாங்கிய தொழிலாளி இன்னொரு பக்கம். எனக்கு இரண்டாமவர்தான் பெரியவராகத் தெரிகிறார்.

பன்னிருவர்

ஃபெலிசியானோ மென்தெஸ் என்ற போர்த்துக்கீசியர் நோய் நீங்கியதற்கு நேர்ந்துகொண்டு, 1757-ல் கொங்கோன்யாஸ் மலையில் ஒரு கோயில் தொடங்கினார். அவர் காலத்துக்குப் பிறகு 1796-ல் அலெய்ஜாதின்யோ தன் பட்டறையோடு அங்கே வந்தார். முதலில் ஏசுவின் பாடுகள். செத்ரோ மரத்தில் ஆளுயர உருவங்கள், 60-க்கும் மேல். செத்ரோ என்பது நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். உளிக்கு இணக்கமானது, பூச்சி எளிதில் அண்டாது. மனுவேல் ட கோஸ்டா அத்தாயிதே போன்ற ஓவியர்கள் பிறகு வண்ணம் பூசினார்கள். மலையேறும் வழியில் ஆறு சிற்றாலயங்களில் அவை இருக்கின்றன.

எல்லா உருவமும் ஒரே தரமில்லை. ஏசுவின் முகத்திலும் கைகளிலும் தலைவரின் உளி தெரிகிறது. ரோமானியச் சிப்பாய்கள் சிலர் புடலங்காய் மூக்கோடு தெருக்கூத்து வில்லன்களைப் போல நிற்கிறார்கள். உதவியாளர்களின் கைவரிசை என்கிறார்கள் சிலர். வேண்டுமென்றே செய்த கேலி என்கிறார்கள் சிலர். இரண்டும் இருக்கலாம்.

1800-லிருந்து 1805-க்குள் தீர்க்கதரிசிகள். ஏசாயா, எரேமியா, பாரூக்கு, எசேக்கியேல், தானியேல், ஓசேயா, யோவேல், ஆமோஸ், ஒபதியா, யோனா, ஆபகூக், நாகூம். கோயில் முன்றிலுக்கு ஏறும் படிக்கட்டின் கைப்பிடிச் சுவர்களில், வெட்டவெளியில், வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிறுத்தியிருக்கிறார். கையில் லத்தீன் வரிகள் எழுதிய சுருள், தலையில் துருக்கியர் முண்டாசு. ஐரோப்பிய அச்சுப்படங்களிலிருந்து எடுத்த உடை. அருகில் போய்ப் பார்த்தால் உடலமைப்பு தவறாகப் படும். கால் குட்டை, கை நீளம், தோள் கோணல். கீழே இறங்கி, ஏறுகிற பக்தன் நிற்கும் இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. இன்னொன்றும் நடக்கிறது. நாம் படியேறத் திரும்பத் திரும்ப அவர்களும் ஒருவருக்கொருவர் இடம் மாறுகிறார்கள். ஒருவர் உயர்த்திய கைக்கு எதிர்ப்பக்கம் இன்னொருவரின் கை பதில் சொல்கிறது. பன்னிரண்டு தனிச் சிலைகளாக அவற்றைப் படம் பிடிக்கும் புத்தகங்கள் இதைக் கோட்டைவிடுகின்றன.

தானியேலின் காலடியில் ஒரு சிங்கம். சிங்கத்தை நேரில் பார்த்திராத கை கற்பனை செய்தது. பிடரி மட்டும் சிங்கம், முகம் ஏதோ குரங்கு. யோனாவுக்குப் பக்கத்தில் வாய் திறந்த திமிங்கிலம். அதையும் அவர் பார்த்திருக்க வழியில்லை. மினாஸுக்குக் கடல் கிடையாது.

1789-ல் அதே மினாஸில் போர்த்துக்கலுக்கு எதிரான சதி ஒன்று பிடிபட்டு, 1792-ல் சதிகாரர்களில் ஒருவரான திராதென்தெஸ் தூக்கிலிடப்பட்டார். தீர்க்கதரிசிகள் அந்தச் சதிகாரர்களின் மறைமுக உருவங்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. கேட்க இனிமையாக இருக்கிறது, சான்று போதவில்லை. அதிகாரத்தைச் சபித்த பன்னிரண்டு பேரைப் பார்த்ததும் மக்களுக்கு அப்படித் தோன்றியதே போதும்.

அலெய்ஜாதின்யோ 1814 நவம்பரில் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு ரியோவில் இன்னொருவர் இறந்திருந்தார்: மெஸ்த்ரே வலென்திம். அவரும் மினாஸில் பிறந்தவர், அவரும் போர்த்துக்கீசியத் தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் மகன். நகரத்தின் முதல் பொதுப் பூங்காவை 1783-ல் வடிவமைத்து, அதன் நீரூற்றில் ஒன்றோடொன்று பின்னிய முதலைகளை உலோகத்தில் வார்த்தவர். கோயிலுக்கு வெளியே, மக்கள் உலாவும் இடத்துக்குச் சிற்பம் வந்தது அவரால்.

பிரெஞ்சுக் கப்பல்

நெப்போலியனுக்குப் பயந்து போர்த்துக்கீசிய அரசவையே 1808-ல் ரியோவுக்குக் குடிபெயர்ந்தது. அரசவைக்கு இந்தப் பரோக் பழசாகப் பட்டது. 1816-ல் பிரான்ஸிலிருந்து ஓவியர், சிற்பி, கட்டடக் கலைஞர் கொண்ட குழுவொன்று வந்திறங்கியது. 1826-ல் அகாதமி திறந்தது. கிரேக்க அச்சுகள், பிளாஸ்டர் மாதிரிகள், வெள்ளைப் பளிங்கு. வண்ணம் பூசிய மரச்சிலை கைவினையாயிற்று, பளிங்குதான் கலை. பட்டறையில் குருவிடம் கற்ற கறுப்பு, கலப்பினக் கைவினைஞர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள்.

இந்த எழுபது, எண்பது ஆண்டுகளை நான் வேகமாகக் கடக்கிறேன். திறமை இல்லாமல் இல்லை. ரொடோல்ஃபோ பெர்னார்தெல்லி கை தேர்ந்தவர். ஏசுவும் பாவியான பெண்ணும் நிற்கும் அவருடைய பளிங்குச் சிலையில் துணி மடிப்புகள் மெச்சத்தக்கவை. ஆனால் அதை ரோமில் எந்தச் சதுக்கத்திலும் வைத்துவிடலாம். சாவேஸ் பின்யெய்ரோ 1872-ல் பிரேசில் தேசத்தையே ஒரு பழங்குடி இளைஞனாக உருவகித்துச் சிலை செய்தார். இறகு முடி பிரேசிலுடையது, நிற்கும் தோரணை கிரேக்கர்களுடையது. அடிமை முறை ஒழிய இன்னும் 16 ஆண்டுகள் இருந்தன. கறுப்பு உடலைத் தேசச் சின்னமாக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நயம்: அந்தச் சிலை பளிங்கில் அல்ல, சுடுமண்ணில் செய்தது.

நான் தள்ளுகிறேன், விடு

1922 பிப்ரவரியில் சாவோ பாவ்லோ நகராட்சி அரங்கில் நவீனக் கலை வாரம் நடந்தது. கூச்சலும் சீழ்க்கையுமாக மக்கள் வரவேற்றார்கள். அங்கே வைத்த சிற்பங்களின் நட்சத்திரம் விக்தோர் பிரெஷெரே. இத்தாலியில் பிறந்து சிறுவனாக பிரேசிலுக்கு வந்தவர். அதற்கு முன்பே கவிஞர் மாரியோ டி அந்திராதே அவருடைய கிறிஸ்து தலை ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். சடை பின்னிய கிறிஸ்துவைப் பார்த்துக் குடும்பமே கொதித்தது. அந்தக் கோபத்தின் சூட்டில் எழுதத் தொடங்கியதுதான் அவருடைய முதல் நவீனக் கவிதைத் தொகுப்பு.

அதே கூட்டம் 1924-ல் மினாஸுக்குப் பயணம் போனது. மாரியோ, ஒஸ்வால்ட் டி அந்திராதே, ஓவியர் தார்சிலா, கூடவே பாரிஸிலிருந்து வந்த கவிஞர் பிளேஸ் செந்த்ரார். புதுமை தேடிய, ஐரோப்பிய மோகம் கொண்டவர்கள் நூறாண்டுக்கும் மேல் பழைய சிலைகள் முன்னால் வாயடைத்து நின்றார்கள். அகாதமி மறக்கவைத்த அலெய்ஜாதின்யோவைத் தூசி தட்டி மேடையேற்றியவர்கள் நவீனர்களே. 1937-ல் அரசு தொடங்கிய பாரம்பரியப் பாதுகாப்புத் துறையிலும் அவர்களுடைய ஆட்களே அமர்ந்தார்கள்.

பிரெஷெரேயின் பெரும்பணி 1953-ல் இபிராபுவேரா பூங்கா ஓரத்தில் திறந்தது: பந்தெய்ராஸ் நினைவுச்சின்னம். ஏறத்தாழ 50 மீட்டர் நீளம். முன்னால் குதிரைவீரர்கள், பின்னால் வெற்றுடம்போடு ஒரு பெரும் படகை இழுக்கும் மனிதக் கூட்டம், எல்லாம் கருங்கல்லில். நகரத்து மக்களுக்கு அது உடனே கிண்டலாயிற்று. ‘நான் தள்ளுகிறேன், விடு’ என்று பெயர் வைத்தார்கள். எவ்வளவு தள்ளியும் படகு நகர்வதில்லை அல்லவா.

கிண்டல் பிறகு கோபமானது. சின்னம் போற்றும் பந்தெய்ரான்தேகள் உள்நாட்டில் புகுந்து பழங்குடியினரைப் பிடித்து அடிமையாக விற்றவர்கள். 2013-ல் நில உரிமைப் போராட்டத்தின்போது அந்தக் கல்மேல் சிவப்புச் சாயம் வழிந்தது. அதே மரபில் 1963-ல் எழுந்த, போர்பா காத்தோ என்ற பந்தெய்ரான்தேயின் சிலையின் காலடியில் 2021 ஜூலையில் டயர்களை அடுக்கித் தீ வைத்தார்கள். காத்தோ சிலை அழகில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. பிரெஷெரேயினது அப்படியல்ல, கல்லில் அந்தத் தசை இழுவை நிஜமாகவே நிற்கிறது. நல்ல சிற்பம் தவறான ஆட்களைத் தூக்கிப்பிடிக்கும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு சாவோ பாவ்லோவிடமும் பதிலில்லை.

தொட்டுத் திருப்பு

1951-ல் முதல் சாவோ பாவ்லோ பியனால் கண்காட்சியில் சுவிஸ் கலைஞர் மாக்ஸ் பில்லின் எஃகு வளையச் சிற்பம் பரிசு வாங்கியது. உருவமே இல்லாத வடிவம், கணிதச் சுத்தம்; ‘கான்கிரீட் கலை’ என்றார்கள். இதுவும் வெளியிலிருந்து வந்த விதைதான். இம்முறை மண் அதை மாற்றிவிட்டது.

மினாஸில் பிறந்த அமில்கார் டி காஸ்ட்ரோ எடுத்தது தன் ஊர் இரும்பு. தடித்த தகடு ஒன்று, அதில் ஒரு வெட்டு, ஒரு மடிப்பு. பற்றவைப்பு கிடையாது. வெட்டிய இடத்தில் மடித்ததும் தட்டையாகக் கிடந்தது எழுந்து நிற்கும், நடுவே வெளிச்சம் புகும். துருவை அவர் துடைப்பதில்லை, அதுதான் வண்ணம். இதே மனிதர்தான் 1950-களின் கடைசியில் ஜோர்னல் டோ பிரேசில் நாளிதழின் பக்க அமைப்பையும் மாற்றி எழுதினார். 1959-ல் கவிஞர் ஃபெரெய்ரா குல்லார் எழுதிய நவ-கான்கிரீட் அறிக்கை வெளிவந்ததும் அந்த இதழில்தான். கணிதம் போதும், உடல் எங்கே என்று கேட்டது அறிக்கை.

பதில் சொன்னவர் லிஜியா கிளார்க். 1960-ல் அவர் செய்த ‘ஜந்துக்கள்’, கீல் வைத்து இணைத்த அலுமினியத் தகடுகள். பீடம் இல்லை, முன்பக்கம் பின்பக்கம் இல்லை. கையிலெடுத்துத் திருப்பினால் ஒரு வடிவம். ஒரு தகட்டைத் தள்ளினால் மற்றவை தம் இஷ்டத்துக்கு மடங்கி வேறொன்றாகிவிடும். பார்ப்பவர் தொடாவிட்டால் சிற்பமே முழுமையில்லை. அடுத்த ஆண்டே பியனாலில் பரிசு. இன்று அவற்றின் விலை எகிறிவிட்டதால் அருங்காட்சியகங்கள் கண்ணாடிக்குள் வைத்திருக்கின்றன. தொட்டுப் பார்க்க நகல் தருகிறார்கள்.

நண்பர் ஹேலியோ ஒய்டிசிகா இன்னும் ஒரு படி போனார். துணி, பிளாஸ்டிக், சாக்கு கொண்டு தைத்த போர்வைகளை உடுத்தி ஆடினால்தான் சிற்பம் என்றார். 1965-ல் மங்கெய்ரா குடிசைப்பகுதியின் சம்பா ஆட்டக்காரர்களோடு ரியோ நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்தபோது உள்ளே விட மறுத்தார்கள். வெளித் தோட்டத்தில் ஆடினார்கள். இதெல்லாம் சிற்பமா என்று முகம் சுளிப்பவர்களைக் குறை சொல்லமாட்டேன். தீர்க்கதரிசிகள் படிக்கட்டில் ஏறுபவரின் உடலை ஏற்கெனவே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்பதை மட்டும் நினைவூட்டலாம்.

ராணுவ ஆட்சியின் கெடுபிடி உச்சத்தில் இருந்த 1970-ல், ஆர்த்தூர் பாரியோ இறைச்சியும் எலும்பும் கட்டிய ரத்தம் ஊறிய மூட்டைகளைப் பெலோ ஹொரிசோன்தே நகர ஆற்றங்கரையில் போட்டுவிட்டுப் போனார். பிணம் என்று நினைத்துக் கூட்டம் கூடியது, போலீஸ் வந்தது. ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம். பளிங்குக்கு எட்டாத வேலை அது. தலைநகர் பிரேசிலியாவிலோ உச்ச நீதிமன்ற வாசலில் ஆல்ஃப்ரெதோ செஸ்கியாத்தி 1961-ல் கருங்கல்லில் செய்த கண்கட்டிய நீதிதேவதை அமைதியாக உட்கார்ந்திருந்தாள். 2023 ஜனவரி 8 அன்று தலைநகரின் அரசுக் கட்டடங்களில் புகுந்த கலவரக்காரர்கள் அவள் மார்பில் உதட்டுச்சாயத்தால் எழுதிவிட்டுப் போனார்கள்.

காவல்துறை வைத்திருந்த தெய்வங்கள்

பெர்னாம்புகோ மாநிலத்தில் கருவாரு நகருக்குப் பக்கத்தில் ஆல்தோ டோ மௌரா. பிற்காலத்தில் அங்கே வாழ்ந்த விதாலினோ 1909-ல் குயவர் வீட்டில் பிறந்தவர்; சிறுவனாக, அம்மா பானை செய்து மிஞ்சிய களிமண்ணில் சின்னச் சின்ன மிருகங்கள் செய்து சந்தையில் விற்றார். வளர்ந்ததும் எருதுகள், நாட்டு வாத்தியக் குழு, வறட்சிக்குத் தப்பி மூட்டை முடிச்சோடு ஊர்விட்டுப் போகும் குடும்பம் எல்லாம் செய்தார். 1947-ல் ரியோவில் கண்காட்சி வைத்தார்கள், பெயர் பரவியது. காசு அதிகம் வரவில்லை. 1963-ல் பெரியம்மையில் இறந்தார். இன்று அந்த ஊரில் வீட்டுக்கு வீடு களிமண் உருவங்கள். கைவினைக் கடைப் பொம்மை என்று ஒதுக்கியவர்கள், ஊர்விட்டுப் போகும் அந்தக் குடும்பத்தின் குனிந்த முதுகுகளைச் சரியாகப் பார்க்கவில்லை.

கறுப்பு மக்களின் சிற்பத்துக்கு நேர்ந்தது ஒதுக்கல் மட்டுமல்ல, கைது. 1890-ன் தண்டனைச் சட்டம் மந்திர மாயங்களைக் குற்றமாக்கியது. ஆப்பிரிக்க மரபில் வந்த கந்தோம்ப்ளே, உம்பாந்தா வழிபாட்டு இடங்களில் ரியோ போலீஸ் புகுந்து, ஒரிஷா தெய்வங்களின் மர, இரும்பு உருவங்களையும் மேளங்களையும் கருவிகளையும் அள்ளிச் சென்றது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பறித்தவை போலீஸ் அருங்காட்சியகத்தில் கிடந்தன. வேடிக்கை என்னவென்றால், நவீனர்கள் நடத்திய அதே பாரம்பரியத் துறை 1938-ல் இந்தத் தொகுப்பைப் பாதுகாக்கப்பட்ட சொத்தாகப் பதிவு செய்தது. வைத்த பெயர், சூனிய அருங்காட்சியகம்.

அந்த மரபு செத்துப்போகவில்லை. சால்வடோரில் பூசாரிக் குடும்பத்தில் பிறந்த மெஸ்த்ரே திதி பனைமட்டை ஈர்க்கு, தோல், சோழி, மணி கொண்டு கட்டிய செங்கோல்கள், பாம்புகள், பறவைகள் வழிபாட்டுப் பொருளாகவும் இருந்தன, பியனாலிலும் நின்றன. அதே ஊரின் ரூபெம் வலென்திம், ஷாங்கோ என்ற ஒரிஷாவின் இரட்டைக் கோடரியை வடிவியலாக்கி வெள்ளைக் கம்பங்களாக நிறுத்தினார்; 1977 பியனாலில் அவை ஒரு கோயிலாகவே எழுந்தன. கான்கிரீட் கலையின் கணிதமும் ஆப்பிரிக்கத் தெய்வங்களும் அவரிடம் சண்டையில்லாமல் ஒன்றாயின. இரும்பிலும் மரத்திலும் மடிப்புகள் செய்த எமனோயெல் அராவுஜோ, 2004-ல் சாவோ பாவ்லோவில் ஆஃப்ரோ பிரேசில் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். அலெய்ஜாதின்யோ, மெஸ்த்ரே வலென்திம் தொடங்கி எல்லாக் கறுப்பு, கலப்பினக் கைகளையும் ஒரே வரிசையில் வைத்துக் காட்ட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அது இருப்பது இபிராபுவேரா பூங்காவுக்குள். பிரெஷெரேயின் கற்படகு நிற்பது அதே பூங்காவின் ஓரத்தில்.

போலீஸ் பிடியில் இருந்தவற்றை மீட்க, ரியோவின் மே மெனினாசின்யா டி ஒஷும் முதலிய வழிபாட்டுத் தலைவர்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். 2020 செப்டம்பரில் 519 பொருள்களும் குடியரசு அருங்காட்சியகத்துக்கு மாறின. இப்போது எதை எப்படி வைப்பது, எதைப் பொதுமக்களுக்குக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதை அருங்காட்சியக அதிகாரிகள் மட்டும் முடிவு செய்வதில்லை. கோயில் மூத்தவர்களும் கூட உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்கிறார்கள்.